தனுஷியா போகாத பயணம்

போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் ஜெயரூபனின் வானுக்கு ஓய்வே இருக்கவில்லை. கல்லடியில் கடற்கரைக்கு அண்மையில் வீடு. வாசலில் ஒரு பழைய வெள்ளை ஹயஸ் வான். நிறுவனமொன்றில் சாரதியாக இருந்தபோது பழகிய ஆங்கிலமும் அவனிடம் கொஞ்சம் இருந்தது. மட்டக்களப்பைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் எப்படியோ அவனைத் தேடி வந்துவிடுவார்கள். 2004 நவம்பர் மழைக்குள் அப்படி வந்து சேர்ந்தவள்தான் மரைக்கெ என்ற ஒல்லாந்துப் பெண். இருபத்துமூன்று வயது. முதுகுப்பை அவளுடைய பாதி உயரத்துக்கு இருந்தது.

இரண்டு நாளைக்கு வானைப் பேசியவள் மாதம் கழிந்தும் போகவில்லை. பின்சீற்றுகளைக் கழற்றச் சொல்லி, பாய் விரித்து, வானுக்குள்ளேயே படுத்தாள். எங்கே போவதென்ற திட்டம் அவளிடம் கிடையாது. சந்தி வந்தால் அங்கே நிற்கும் மாட்டைப் பார்ப்பாள். மாடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கம் திருப்பச் சொல்வாள். அப்படித்தான் அவர்கள் பொத்துவிலுக்கும் பாசிக்குடாவுக்கும் போனார்கள். வாகரைப் பக்கம் ஒருநாள் சில்லு மணலில் புதைந்தபோது ஜெயரூபன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவளோ கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், சைகை காட்டிக் கூட்டிவந்து வானைத் தள்ளவைத்தாள். பிறகு பொழுதுசாயும்வரை அவர்களோடு நின்று வலையும் இழுத்தாள்.

ஜெயரூபனின் தங்கை தனுஷியாவுக்கு இருபத்தொரு வயது. பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். மரைக்கெ வந்த மறுநாளே இருவரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள். தனுஷியா அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அலுவலகத்தைச் சொல்லும் கந்தோரும், கக்கூஸும் தன் ஊர்ச் சொற்கள் என்று கண்டபோது மரைக்கெ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனுஷியாவைப் பார்த்து அவளும் ஜெயரூபனை அண்ணன் என்றும், தாய் மங்கையற்கரசியை அம்மா என்றும் கூப்பிடத் தொடங்கினாள். மங்கையற்கரசி அதிகம் பேசாதவர். கணவர் தொண்ணூறில் காணாமற்போனபின் இரண்டு பிள்ளைகளையும் தனியே வளர்த்தவர்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. உன்னிச்சைக் குளத்தில் குளிக்கப் போவதென்று மரைக்கெ முடிவெடுத்திருந்தாள். தனுஷியாவும் வரவேண்டுமென்று கையைப் பிடித்து இழுத்தாள். தனுஷியாவுக்கும் ஆசைதான். ஆனால் அன்று பின்னேரம் ஆரையம்பதியிலிருந்து அவளைக் கலியாணம் பேச வருவதாக இருந்தது.

"வெயிலுக்குள்ள திரிஞ்சி கறுத்துப்போய் வந்து நிப்பாளா?" என்றார் மங்கையற்கரசி. "மறுகா ஒருநாளைக்குக் கூட்டிப்போங்க."

தனுஷியா படலையடியில் நின்று கையசைத்தாள். வான் பாலத்தைக் கடந்து, பட்டணத்தைத் தாண்டி, வவுணதீவு இராணுவச் சென்றியில் நின்று, பாஸ்போர்ட்டைக் காட்டி அப்பால் போனது. முந்திய கிழமை பெய்த மழையில் வயல்வட்டையெல்லாம் வெள்ளம். ஓரிடத்தில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடியதால் நிற்கவேண்டியதாயிற்று. பக்கத்து வயல் வாடியில் நல்லரத்தினம் என்ற விவசாயி காவல் இருந்தார். அவருடைய மகள் விதுஷாவுக்குப் பத்து வயதிருக்கும். மரைக்கெ அவளைச் சாரதி ஆசனத்தில் ஏற்றிவிட்டாள். பிள்ளை ஹோர்னை அடித்து அடித்துச் சிரித்தது. கொக்குகள் எழும்பிப் பறந்தன. மரைக்கெ கைதட்டினாள்.

அந்த நேரத்தில்தான் மோட்டார்சைக்கிளில் ஒருவன் வந்து, பட்டணத்துக்குள் கடல் வந்துவிட்டது என்றான். கடல் எப்படி வருமென்று நல்லரத்தினம் கேட்டார். வந்தவனுக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. ஜெயரூபன் வானைத் திருப்பினான்.

கல்லடிப் பாலத்தில் சனம் நனைந்த உடுப்போடு பட்டணப் பக்கம் ஓடிவந்துகொண்டிருந்தது. வான் நுழைய இடமில்லை. அவன் வானை நடுரோட்டில் விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக ஓடினான். மரைக்கெ சிறிது நேரம் அப்படியே நின்றாள். காலில் தகரம் வெட்டிய ஒரு பெண்ணை இரண்டுபேர் தூக்கிவந்தார்கள். மரைக்கெ வான் கதவைத் திறந்து அவளை ஏற்றினாள். வானின் திறப்பு அதிலேயே செருகியபடி இருந்தது. அன்று முழுவதும், அடுத்த நாட்களிலும், அவள்தான் அந்த வானை ஆஸ்பத்திரிக்கும் பாலத்துக்குமாக ஓட்டினாள். முதலில் காயக்காரரை ஏற்றினாள். பிறகு ஏற்றியவர்களுக்கு ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை.

மங்கையற்கரசி ஒரு மாடிவீட்டின் கம்பிக் கிராதியைப் பிடித்துத் தப்பியிருந்தார். மற்றக் கையால் மகளைப் பிடித்திருந்தார். இரண்டாவது அலை மகளைக் கொண்டுபோய்விட்டது. தனுஷியாவை வாவிக்கரைக் கண்டல் காட்டுக்குள்ளிருந்து தோணிக்காரர்கள் எடுத்துவந்தார்கள். எல்லோரையும் புதைத்த இடத்தில் அவளையும் புதைத்தார்கள். மரைக்கெயை ஊருக்கு வரச்சொல்லி அவளுடைய தாய் தொலைபேசியில் அழுதுகொண்டே இருந்தார். அவள் போகவில்லை. முகாமாக மாறிய பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் காவினாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். அத்தனை நாளும் அதே முகாமில் இருந்த மங்கையற்கரசி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாசியில் அவள் விடைபெற வந்தபோதும் அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. தன்னை அவர் வெறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டே மரைக்கெ விமானம் ஏறினாள்.

பிறகு சண்டை திரும்ப வந்தது. 2007இல், வாவிக்கு மேற்கே நல்லரத்தினத்தின் வயல் இருந்த படுவான்கரைச் சனமெல்லாம் பீரங்கிச் செல்லடிக்குள் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. ஆட்களை வெள்ளை வானில் பிடித்துக்கொண்டுபோன காலமும் அதுதான். ஜெயரூபனின் வானைக் கண்டு தெருவில் விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அதைக் கண்டபின் அவனுக்கு அதை ஓட்ட மனம் வரவில்லை. விற்றுவிட்டு ஓட்டோ ஒன்று வாங்கினான்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்த 2009ஆம் ஆண்டின் ஆவணியில் மரைக்கெ திரும்பி வந்தாள். சந்திகளில் மாட்டைத் தேடிய பெண்ணாக இப்போது அவள் இல்லை. அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று ஜெயரூபனிடம் சொன்னாள். கடலிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த புதுவீட்டில் மங்கையற்கரசி அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகுதான் கேட்டார்.

"அண்டைக்கு நீங்க போய் நிண்ட இடம் எங்க இரிக்கு? எனக்கு அதக் காட்டு புள்ள."

மூவரும் ஓட்டோவில் போனார்கள். படுவான்கரையில் கூரையில்லாத வீடுகள் நின்றன. சில காணிகளில் மிதிவெடி என்று சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். அந்த வாடி இருந்த இடத்தில் இப்போது தறப்பாள் கொட்டில் ஒன்று நின்றது. நல்லரத்தினம் பற்றை வெட்டிக்கொண்டிருந்தார். வானில் வந்த வெள்ளைக்காரப் பெண்ணை அவருக்கு ஞாபகமிருந்தது. விதுஷா எங்கே என்று மரைக்கெ தமிழிலேயே கேட்டாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். இடம்பெயர்ந்து போகும் வழியில் செல் விழுந்ததென்றும், பிள்ளையை ரோட்டோரத்திலேயே புதைத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார்.

மங்கையற்கரசி அங்குமிங்கும் பார்த்தார். வரம்பையும் ரோட்டையும் பார்த்தார். ஐந்து வருடமாக அவர் மனதுக்குள் வைத்திருந்ததை முன்பின் தெரியாத அந்த மனிதனிடம் சொன்னார்.

"நான்தான் மறிச்சநான். இஞ்ச வந்திருந்தா என்ட புள்ள தப்பியிருக்கும்."



"என்ட புள்ள இஞ்சதானேம்மா இருந்தது" என்றார் நல்லரத்தினம்.

மங்கையற்கரசி வரம்பில் உட்கார்ந்தார். முகாமிலும் அழாதவர் அங்கே அழுதார். மரைக்கெ கிட்டப் போகப் பயந்து தள்ளி நின்றாள். அவர் கையை நீட்டி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். உன்னோடு எனக்குக் கோபமில்லை, உன்னைப் பார்த்தால் தனுஷியா வானில் ஏறிப்போவது போலவே கண்ணுக்குள் வரும், அதனால்தான் பார்க்கவில்லை என்றார். வேகமாகச் சொன்னதால் மரைக்கெக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை ஜெயரூபன் சொன்னான். 

நல்லரத்தினம் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பொழுதிறங்க முன்னர் வீட்டுப் பக்கம் கிறுகினார்கள்.

அன்றிரவு மரைக்கெயை ஹோட்டலுக்குப் போக மங்கையற்கரசி விடவில்லை. சோறும் மீன்குழம்பும் ஆக்கிக் கொடுத்துவிட்டு, உன் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்குக் கோல் எடுத்துத் தரச் சொன்னார். மரைக்கெ எண்ணை அழுத்தி ஃபோனைக் கொடுத்தாள். ஒல்லாந்தில் ஒரு பெண் பதறிப்போய் ஏதோ கேட்டார். மங்கையற்கரசி அதை முழுவதும் கேட்டுவிட்டுத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"உங்கட புள்ள எங்களோடதான் இரிக்கா. சாப்பிட்டிட்டா. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. பத்திரமா அனுப்பிவைக்கிறம்."

 பிறகு அந்தப் பெண்ணும் தன் மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கினார். மங்கையற்கரசி இடையிடையே "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.