துணைக்கு ஒரு பாடம்

கல்லூரியில் என் முதன்மைப் பாடம் கணக்கியல். துணைப்பாடமாக எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். மற்ற வகுப்புகள் நிரம்பிவிட்டதால் பொது சுகாதாரம் என் தலையில் விழுந்தது.

"துணைப்பாடம்னா? துணைக்கு வர்ற பாடமா?" என்று அண்ணன் கேட்டான். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் அரை டாக்டர்.

துணைக்கா வந்தது? நிம்மதியைக் கெடுக்க வந்தது. தண்ணீர்ப் பானை திறந்திருந்தால் எனக்குப் பொறுக்காது. பேருந்தில் யாராவது தும்மினால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடக் கால் பரபரக்கும். போதாததற்கு, வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். எங்கள் வீட்டில் சமையலறையை விட்டால் கூடம் மட்டும்தான். என் படிப்பிலிருந்து யாரும் தப்ப முடியாது.

காசநோய்ப் பாடம் வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடவில்லையென்றால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று ஆசிரியை சொன்னபோது என் பேனா நின்றுவிட்டது. அண்ணன் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தான். அவன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் டிரைவர். அவன் கல்யாணத்துக்கு நாள் வேறு குறித்தாகிவிட்டது.

"ஒரே ஒரு தடவை சளி டெஸ்ட் கொடுத்துட்டு வாயேன், அண்ணா."

"நாள் பூரா ரோட்டுல தூசியைத் திங்கிறவனுக்கு இருமாம என்ன பண்ணும்? நீ உன் கணக்கைப் பாரு."

அம்மா அவனுக்கு மேல். "வாயைக் கழுவுடி! கல்யாணத்தை வச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது? பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழுந்தா அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் கல்யாணத்தைக் கெடுக்கிறவள், சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் துரோகி. அவன் இருமினால் வாயில் வைத்த சோறு இறங்காது. இருமாவிட்டால் ஏன் இன்னும் இருமவில்லை என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருப்புக்கொள்ளவே இல்லை.

இதற்கு நடுவில் பிள்ளைகளின் அம்மாக்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கத்தினார்கள். அண்ணன் ஏசி போடுவதே இல்லையாம். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டே ஓட்டுகிறானாம். பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து வீடு வருகிறார்களாம். டீசலை மிச்சம் பிடிக்கிறான், சரியான கஞ்சன் என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை நான் இருமத் தொடங்கினேன். பொய் இருமல்தான். பள்ளி நாடகத்தில் மரமாக நிற்பதற்குக்கூட என்னைச் சேர்த்ததில்லை, ஆனால் அம்மா நம்பிவிட்டாள்.

"டேய், இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தனியா போனா முழிச்சுக்கிட்டு நிப்பா. துணைக்குப் போயிட்டு வா."

சளிப் பரிசோதனை ஜன்னலுக்குள் இருந்த நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை நாளா இருமல்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் இருமினான். சுவரைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்க இருமினான்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கும்மா இருமல்?"

வீட்டிலிருந்து யோசித்து வைத்துக்கொண்டு வந்த சாமர்த்தியமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இவனுக்குத்தான், சிஸ்டர். எனக்கு ஒண்ணுமில்ல, நான் சும்மா இருமினேன்" என்று அழுதுவிட்டேன்.

கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் ஜன்னலுக்குள் கையை நீட்டினான். "அந்த டப்பாவைக் கொடுங்க, சிஸ்டர்."

வெளியே போய்ச் சளியைத் துப்பி, மூடியை இறுக்கித் திருகிக் கொண்டுவந்து கொடுத்தான். முடிவு திங்கள் மாலை தெரியும் என்றார் நர்ஸ். அவன் நகரவில்லை.

"எனக்கு இருந்தா, வேன்ல வர்ற பிள்ளைங்களையும் டெஸ்ட் பண்ணுவீங்களா? கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன், சிஸ்டர். ஒரு நாள்கூட ஏசி போடல."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "கண்ணாடியை இறக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே கூடத்துல உட்கார்ந்து, காத்தோட்டம் காத்தோட்டம்னு உயிரை வாங்கினே."

"தெரிஞ்சுமா வண்டியை எடுத்தே?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. "கல்யாணம் முடியட்டும்னு நினைச்சேன். தினமும் அதுங்க ஏறும்போது கண்ணாடியை இறக்கிட்டா போதும்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்."

எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. வேன் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான்.

"பொண்ணு வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். பிள்ளைங்க வீட்டுக்கு நீ சொல்லு. எனக்கு வாய் வராது."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று, வேன் பிள்ளைகளின் அம்மாக்களில் அதிகமாகக் கத்தியவரின் எண்ணுக்கே முதலில் போன் போட்டேன். எடுத்த எடுப்பில் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"திங்கட்கிழமையாவது கண்ணாடியை மூடிட்டு ஏசி போடச் சொல்லும்மா உங்க அண்ணனை!"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, திங்கட்கிழமை வேன் வராது. ஏன்னு சொல்றேன், கேளுங்க" என்றேன்.