அடுப்புக்குள்ளும் தேடினாள்

தூண்டில் பெட்டியின் மேல்தட்டை ஹார்லன் தூக்கியதும் ஈயக் குண்டுகள் கடகடவென்று ஒரு பக்கமாக உருண்டன. மேலே மகள் பெட்ஸிக்குக் கேட்டிருக்குமோ என்று அப்படியே நின்றார். சமையலறைக் குழாய் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. அடித்தட்டில், மீன் சீவும் கத்திக்குக் கீழே, பழைய துணியில் சுற்றி வைத்திருந்தார். பிரித்தார். நீல அட்டை. எட்டு வாரமாக அங்கேயே கிடந்ததில் மீன் வாடை ஏறியிருந்தது.

அவர் மனைவி வெர்னாவின் பாஸ்போர்ட் அது. வீடு முழுக்க, தேவாலயம் முழுக்க அவள் தேடிக் களைத்த பொருள்.

கோட்டின் உள்பைக்குள் அதைச் செருகிக்கொண்டு நிலவறைப் படி ஏறினார். பெட்ஸி அம்மாவின் கம்பளிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். மினியாபொலிஸிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் முகம் வீங்கியிருந்தது. நேற்றுதான் டாக்டர் இருவரையும் நடைபாதைக்கு அழைத்துச் சொன்னார், வெர்னாவின் இதயம் களைத்துவிட்டது, இனிமேல் கத்தி வைக்க முடியாது, இன்றோ நாளையோ என்று.

காரின் சாவியைப் பெட்ஸியே எடுத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ஏரிக்கரைச் சாலையில் மே மாதத்து மூடுபனி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்," என்றாள் பெட்ஸி. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

அவர் கை கோட்டுப் பைக்குப் போயிற்று.

"சாகறதுக்கு அவங்க பயப்படல. தன் புத்தி போயிட்டிருக்குன்னு நினைக்கிறாங்க. அந்த பாஸ்போர்ட்டத் தொலைச்சதுலருந்து. எங்க வெச்சேன்னு ஒரு துளிகூட ஞாபகம் இல்ல, ஆல்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லி அழுதாங்க. பொழைச்சு வந்தா அந்த இல்லத்துல மட்டும் என்னை விட்டுடாதன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க."

ஆல்மா, வெர்னாவின் தாய். கைப்பையை ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்து எரித்ததில் தொடங்கியது அவள் மறதி. ஏழு வருஷம் கழித்து, மாவட்ட முதியோர் இல்லத்தில், பெற்ற மகளைப் பார்த்து நீ யாரம்மா என்று கேட்டுக்கொண்டே செத்தாள்.

"அதனால இன்னிக்கு அந்தப் பேச்சே எடுக்காதீங்கப்பா. இத்தாலின்னு வாயே திறக்காதீங்க. அம்மா நெஞ்சு தாங்காது."

ஹார்லன் சரி என்று தலையாட்டினார். உள்பையில் இருந்தது நெஞ்சைச் சுட்டது.

*

வெர்னாவுக்கு இத்தாலி ஆசை போன கோடையில் பிறந்தது. ஹார்லன் கேட்டதும், விமானமா, நானா, என்று சிரித்துத் தட்டிவிட்டார். அப்போ நான் தனியாப் போறேன் என்று வெர்னாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு விளையாட்டுக்கு இல்லை என்பது அவள் பச்சைக் குறிப்பேடு ஒன்று வாங்கி வந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது.

பதினெட்டு நாள், எல்லாம் ரயிலில். ரோம், ஒர்வியெட்டோ, ஃப்ளாரன்ஸ், பொலோன்யா, வெனிஸ், கடைசியில் கடலோரத்து டிரியெஸ்டே. வேகமான வண்டி ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் ஊர் ஊராக நின்று போகிற வண்டி. எந்த வண்டியில் எந்தப் பக்க ஜன்னல் என்றுகூட எழுதி வைத்தாள். காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை மெஷினில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம் என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தாள். சின்னச் சாம்பல் நிறப் பை ஒன்றில் துணிகளை அடுக்கி, தேவாலயத்து நிலவறைப் படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகினாள். எதற்கு இந்த வயசில் தனியாக என்று பாஸ்டர் கேட்டபோது, நாற்பத்தாறு வருஷமாக இவர் ஓட்ட நான் முன்கண்ணாடி வழியாகவே ரோட்டைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை பக்கவாட்டில் பார்க்கிறேனே என்றாளாம்.

ஹார்லனுக்குப் பயம் என்பது பழைய விருந்தாளி. பனிக்காலத்தில் நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு பஸ் ஓட்டியவருக்கு எதிலும் முதலில் தெரிவது பள்ளம்தான். பாஷை தெரியாத ஊரில் அவள் விழுந்து கிடப்பதை, பை பறிபோவதை, போன் வந்து யாரோ அவள் பெயரைத் தப்பாக உச்சரிப்பதை எல்லாம் அவர் விழித்த கண்ணோடு கண்டார். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு பயம் கிடந்தது. நான் இல்லாமல் அவள் சந்தோஷமாக இருந்துவிட்டால்? அதை அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

மார்ச் கடைசியில் ஒரு நாள், எண்ணைக் குறித்துக்கொள்ள பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்திருந்தாள். பல் டாக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அவள் போன் இருந்த அறைக்குப் போன நேரத்தில் அவர் கை அதை எடுத்தது. இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். மூன்றாம் நாள் கொடுப்பது முதல் நாளைவிடக் கஷ்டமாக இருந்தது. பத்தாம் நாள் முடியவே இல்லை.

புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பெட்ஸி படிவம் அனுப்பினாள். எப்படித் தொலைந்தது என்ற கட்டம் வரைக்கும் வெர்னா நிரப்பினாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. படிவம் பழக்கூடைக்கடியில் கிடந்தது. அலமாரிக் கதவுகளில் சின்னச் சீட்டுகள் ஒட்டத் தொடங்கினாள், பேரப்பிள்ளைகளின் பெயர், மாத்திரை நேரம். மறதிப் பரிசோதனையில் கடிகாரம் வரையச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னதால், வந்த கடித உறைகளின் முதுகிலெல்லாம் கடிகாரம் வரைந்து பார்த்தாள்.

ஒரு காலையில் ஹார்லன் காப்பிக்கு வந்தபோது அவள் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டு, கீழ்த்தட்டு, மூலை. பிறகு சத்தமில்லாமல் கதவை மூடி, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அவர் வந்த வழியே திரும்பிப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவருக்குக் குரல் எழும்பவில்லை. வாயை மட்டும் அசைத்தார். தேவன் உதட்டைப் படிக்கிறவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

*

வெர்னா தலையணையில் சாய்ந்து கிடந்தாள். மூக்கில் குழாய். இவர்களைப் பார்த்ததும், "இன்னிக்கு வியாழன். மே இருபத்தொண்ணு," என்றாள். யாரும் அவளிடம் தேதி கேட்கவில்லை.

"ஆமாம்மா," என்றாள் பெட்ஸி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பதினொரு மணி வரை ஹார்லன் கோட்டைக் கழற்றவில்லை. அறை வெதுவெதுப்பாக இருந்தது, வேர்த்தது, இருந்தும் கழற்றவில்லை. உள்பையிலிருந்து கையும் வரவில்லை. ரோண்டா என்ற நர்ஸ் இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் அந்தக் கையைப் பார்த்தாள். மூன்றாம் தடவை வந்தபோது பெட்ஸியின் தோளைத் தொட்டாள்.

"கீழ இன்னிக்கு கோழி சூப், நல்லாருக்கும். போயிட்டு வாங்க. அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

பெட்ஸி அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ரோண்டாவும் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கதவின் கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. காவலுக்கு நிற்பவள்போல அங்கேயே நின்றாள்.

சொல்ல வேண்டியதை ஹார்லன் மூன்று விதமாக மனப்பாடம் செய்து வந்திருந்தார். மூன்றையும் விட்டுவிட்டார். கையை வெளியே எடுத்துப் போர்வைமேல் வைத்தார். கை திரும்பியது. நீல அட்டை அங்கே கிடந்தது.

வெர்னா அதை வெகுநேரம் பார்த்தாள். எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"மீன் வாடை அடிக்குது."

"தூண்டில் பெட்டியில இருந்துச்சு."

அவள் கண்ணில் அந்தப் பயம் வந்தது. அடுப்புக் கதவை மூடியபோது அவர் பார்க்காமல் திரும்பிப் போன முகம் இப்போது நேரே அவரைப் பார்த்தது.

"நானா அங்க வெச்சேன்?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கிடைத்துவிட்டது, விடு, தூங்கு. மகளுக்குத் தெரிய வேண்டாம், ஊருக்குத் தெரிய வேண்டாம். ஆமாம் என்றால் அவர் தப்பித்துவிடுவார். கர்த்தாவே என்றார் மனசுக்குள், அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

"இல்ல. நான் வெச்சேன். ஒளிச்சு வெச்சேன்."

மெஷினில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. அவர் அவளைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார்.

"எப்போ?"

"பல் டாக்டர் ஆபீஸ்லருந்து போன் வந்துச்சே, அன்னிக்கு."

"மேஜை மேலதான் வெச்சேன்."

"ஆமா."

"உப்பு ஜாடிக்குப் பக்கத்துல."

"ஆமா வெர்னா. உப்பு ஜாடிக்குப் பக்கத்துல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்கடியிலிருந்து நீர் காதுவரை ஓடியது. நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்து அவர் அழைப்பு மணியைத் தேடினார்.

"அப்ப நான் மறக்கல," என்றாள்.

"நீ ஒண்ணுமே மறக்கல."

"என் புத்தி நல்லாத்தான் இருக்கு."

"என்னைவிட நல்லாருக்கு."

அவள் ஒரு மூச்சு விட்டாள். பெரிய மூச்சு. எட்டு வாரமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு அது என்று அவருக்குத் தோன்றியது. "நான் அடுப்புக்குள்ளகூடப் பாத்தேன், ஹார்லன்," என்றாள்.

"தெரியும்."

"பாத்தியா?"

"பாத்தேன்."

வெர்னா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே மூடுபனி விலகி, கார்கள் நிற்கும் இடம் தெரிந்தது. அவள் திரும்பவே போவதில்லை என்று அவர் நினைத்தார். அது நியாயம் என்றும் நினைத்தார்.

பிறகு கையை நீட்டினாள். "பென்சில்."

சாப்பாட்டுத் தட்டில் கிடந்த பட்டியல் அட்டையைப் புரட்டி, வட்டம் ஒன்று போட்டாள். வட்டம் கோணிற்று. எண்களை ஒவ்வொன்றாக எழுதினாள். பன்னிரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன. இரண்டு முள் வரைந்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன மணி?"

"நாலு நாப்பது."

"என்ன வண்டி?"

இந்த எட்டு வாரமும் அவள் தூங்கிய பிறகு அந்தப் பச்சைக் குறிப்பேட்டைத் திருட்டுத்தனமாகப் படித்தவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"வெனிஸ்லருந்து டிரியெஸ்டே. வலது பக்க ஜன்னல். கடைசி அரை மணி நேரம் கடல்."

"ஏறுறதுக்கு முன்னாடி?"

"டிக்கெட்ட மெஷின்ல குத்தணும்."

"பரவால்லியே கிழவா," என்றாள். வாயோரம் லேசாக அசைந்தது. "கோட்டக் கழட்டு. வேர்க்குது பாரு உனக்கு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவள் அவர் சட்டைக் கையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

பெட்ஸி சூப் குடித்துவிட்டு வந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைமேல் பாஸ்போர்ட் கிடந்தது. பெட்ஸி அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்தார். அவள் வெளியே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரே ஒரு கோப்பை காப்பி இருந்தது. அவர் குடிக்கிற மாதிரி, பால் இல்லாமல், இரண்டு சர்க்கரை. அதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிற்பகல் மூன்று மணி தாண்டி வெர்னா போனாள். விரல் பிடி தளர்ந்ததில்தான் ஹார்லனுக்குத் தெரிந்தது.

*

திங்கட்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்து நிலவறைக்கு இறங்கினார்கள். அவள் பை தூக்கிப் பழகிய அதே படி. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, ஊறுகாய், பெரிய பாத்திரத்தில் காப்பி. காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு டோலோரஸ். பாஸ்போர்ட்டைத் தேடி வெர்னாவோடு இந்தச் சமையலறை இழுப்பறைகளையெல்லாம் கொட்டிப் பார்த்தவள். வெளியே பழைய காகிதம் போடும் பெரிய தொட்டிக்குள்ளேயே இறங்கியவள்.

வரிசை குறைந்ததும் ஹார்லன் போய்ச் சொன்னார். நின்றபடி, சின்னக் குரலில், ஒன்றையும் விடாமல்.

டோலோரஸ் காப்பிக் குழாயை மூடினாள். துணியை எடுத்து, சிந்தாத இடத்தைத் துடைத்தாள்.

"அந்தத் தொட்டிக்குள்ள இறங்குனதுல என் முட்டி இன்னும் வலிக்குது," என்றாள்.

"தெரியும்."

"உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

சமையலறைக்குள் போய்விட்டாள். இனி இந்த அம்மாள் என் வீட்டுப் படியேற மாட்டாள் என்று அவர் குல்லாயைத் தேடினார். மேல்படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். காகிதம் போல மெல்லிய தகடு மூடிய பாத்திரம் ஒன்றை, அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

"அடுப்புல முன்னூத்தம்பது டிகிரி. இருபது நிமிஷம். ஆறிப்போனத அப்படியே தின்னாதீங்க."

பெட்ஸி பூக்களை முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டில் யாருமில்லை. கதவருகே சாம்பல் நிறப் பை நின்றது. அலமாரிகளில் வெர்னாவின் சீட்டுகள், மேஜையில் உப்பு ஜாடி. ஹார்லன் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தார். அடுப்பின் சூட்டுக் குமிழைத் திருகப்போன கை நின்றது.

அடுப்பின் கதவைத் திறந்தார். முழங்காலில் கையூன்றி, அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு குனிந்து பார்த்தார். மேல்தட்டு, கீழ்த்தட்டு, மூலை. ஒன்றுமில்லை.

பிறகுதான் பாத்திரத்தை உள்ளே வைத்தார்.