கம்பி இறுக்கிய செந்தூரா

நாட்றாம்பாளையத்தில் மற்றவர்கள் தோப்பில் மாங்காய் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, மேகலாவின் வேலியோரத்து செந்தூரா மரங்கள் மட்டும் பழுக்கத் தொடங்கின. ஒவ்வொரு பழமும் வழக்கத்தைவிடப் பெரிது. வாயில் வைத்தால் கற்கண்டு. ஊரார் வியந்தார்கள். மேகலா மட்டும் பழத்தை விட்டு இலையைப் பார்த்தாள். பழம் கனியக் கனிய இலைகள் மஞ்சளித்தன. ஒரு கொழுந்துகூட வெடிக்கவில்லை.

யானைக்குப் பயந்து அவள் கணவன் திருமலை சில வருடங்களுக்கு முன் அந்த மரங்களையே கம்பமாக்கி முள்கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தான். இப்போது கம்பி பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே மரம் வீங்கியிருந்தது, கீழே ஒடுங்கியிருந்தது. மேகலா அதைப் படமெடுத்துத் தோட்டக்கலை அலுவலர் சுப்ரியாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"இலை சமைக்கிற சாப்பாடு பட்டை வழியாத்தாங்க வேருக்கு எறங்கணும். கம்பி வழிய அடைச்சிருச்சு. எறங்காததெல்லாம் பழத்துக்கே போவுது. அதான் இவ்ளோ இனிப்பு. வேர் பட்டினி கெடக்குது."

"மரம் செத்துருமா மேடம்?"

"கம்பிய வெட்டுங்க. பழம், காய் ஒண்ணு விடாம பறிச்சிருங்க. இருக்கிற இலை சமைக்கிறது வேருக்குப் போவட்டும். பட்டை கூடி வந்தா பொழைக்கும். உறுதியா சொல்ல முடியலைங்க."

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் திருமலை அன்று விடுமுறையில் வந்திருந்தான். கேட்டதும் வேலிப் பக்கம் திரும்பினான்.

"வேலிய எடுத்துட்டா? போன வாரந்தான் கங்கப்பன் தோட்டத்துல ஒத்தை யானை மாட்டுக்கொட்டாயச் சாய்ச்சுட்டுப் போச்சு."

"மரம் போனா அப்புறம் எதுக்குங்க வேலி?"

அவன் குறடை எடுத்தான். மதியத்துக்குள் கம்பியை வெட்டி உருவினார்கள். பழங்கள் வாசலில் குவிந்தன. புது வேலிக்குக் கல்கம்பம் கொண்டுவர அவன் மினி லாரி ஓட்டும் நண்பனோடு அஞ்செட்டிக்குக் கிளம்பினான். "பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன். நீ வெளியில நிக்காத."

பொழுது சாய்ந்தது. அவன் வரவில்லை. நாய் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலடியில் புகுந்தது. மேகலா கதவைத் தாழிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். வேலியிருந்த இடத்தில் யானை நின்றது. சத்தமே இல்லாமல் வந்து பழக்குவியலில் துதிக்கையை விட்டது. அதன் மூச்சு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மண் பாதையில் லாரிச் சத்தம். திருமலைக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. லாரி திரும்பும் வளைவிலிருந்து வாசல் தெரியாது. யானை காதை விரித்துப் பாதைப் பக்கம் திரும்பியது.

மேகலா அண்டாவையும் கரண்டியையும் எடுத்தாள். எப்படித் தாழை நீக்கினாளென்று அவளுக்கே தெரியவில்லை. அண்டாவைக் கரண்டியால் அடித்துக்கொண்டே கத்தினாள்.

"வராதீங்க! யானை! அங்கயே நில்லுங்க!"

யானை அவளைப் பார்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தது. மேகலா அடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. பாதையில் லாரிச் சத்தம் அடங்கியது. ஊர்ப் பக்கம் யாரோ வெடி போட்டார்கள். யானை மெதுவாகத் திரும்பி, வந்த வழியே ஓடை இறக்கத்தில் மறைந்தது.

திருமலை ஓடிவந்தபோதும் அவள் அண்டாவை அடித்துக்கொண்டிருந்தாள். அவன் கரண்டியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

"உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்றான்.

ஆடி மழைக்குப் பிறகு ஒரு மரம் அடியோடு காய்ந்தது. மற்றவற்றில் பட்டை வடு கூடி, செந்நிறக் கொழுந்து விட்டது. கல்கம்ப வேலி மரங்களைத் தொடாமல் தள்ளி நின்றது. ஆனாலும் நாய் குரைப்பதை நிறுத்தினால் மேகலாவின் கை இன்றும் கரண்டியைத் தேடுகிறது.