மணல் மூட்டைக்கு லீவு

சிறுநீரகப் பிரிவில் மேற்பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டு மருத்துவர்களுக்கும் முதல் மாதமே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. அவள் 'கணக்கு', அவன் 'ஊசி'. ஆராய்ச்சிப் புள்ளிவிவரம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவனுக்கு அட்டவணையைக் கண்டாலே கொட்டாவி வரும். ஆனால் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் செருகுவதையும், சிறுநீரகத்தில் ஊசி இறக்கிப் பரிசோதனைக்குத் திசு எடுப்பதையும் பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுவான்.

அவள் கை நடுங்காது. தயங்கும். ஸ்கேன் திரையில் சிறுநீரகம் தெளிவாகத் தெரிந்தாலும், இன்னும் கொஞ்சம் தெளியட்டும் என்று காத்திருப்பாள். அதற்குள் நோயாளி இழுத்துப் பிடித்த மூச்சை விட்டுவிடுவார், சிறுநீரகம் நகர்ந்துவிடும். ஊசியை அவன் வாங்கிக்கொள்வான்.

"என் ஆராய்ச்சியை நீ கரை சேர்த்துடு, உன் கையை நான் கரை சேர்த்துடறேன்" என்றான் ஒருநாள். அவளும் சரி என்றாள்.

அவன் சொன்னபடி, கடையில் ஆட்டுச் சிறுநீரகம் வாங்கி ஜெல்லிக்குள் புதைத்து வீட்டிலும் பழகினாள். ஃப்ரிட்ஜைத் திறந்த கணவன், "இந்த வீட்டுல நம்பி எதையும் எடுத்துச் சாப்பிட முடியல" என்று மூடிவிட்டுப் போனான்.

ஊசியின் ஆராய்ச்சி மணல் மூட்டை பற்றியது. திசு எடுத்தபின் முதுகுக்கடியில் ஒரு சின்ன மூட்டை வைத்தால் உள்ளே ரத்தம் கசியாது என்று அவன் அடித்துச் சொன்னான். மனைவியைக் கொண்டு மெத்தென்று மூட்டைகள் தைத்து வாங்கி, பாதிப் பேருக்கு வைத்தும் பாதிப் பேருக்கு வைக்காமலும் பார்த்தான். எல்லாம் முடிந்து கணக்குப் போட்ட அன்று, அவள் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நேராகவே சொன்னாள்.

"வித்தியாசமே இல்ல. வெச்சாலும் ஒண்ணுதான், வைக்காட்டியும் ஒண்ணுதான்."

"சரியாப் பார்த்தியா?"

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். மூட்டை வெச்சவங்களுக்கு முதுகுவலி வேற."

அவன் முகம் தொங்கிவிட்டது. "என் பொண்டாட்டி கை வலிக்கத் தைச்சா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் காலை பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணுக்குத் திசு எடுக்கும் வேலை அவளுக்கு. ஊசி வரமாட்டான் என்றே நினைத்தாள். வந்திருந்தான், உர்ரென்று ஸ்கேன் பெட்டியருகே நின்றான். வயிற்றுக்கடியில் தலையணையோடு குப்புறப் படுத்திருந்த ஓட்டுநர் அம்மாவிடம் அவள் குனிந்தாள்.

"மரத்துப்போக மருந்து போட்டாச்சும்மா. இப்ப டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும், அசையாதீங்க."

"எத்தனை ஹாரன் கேட்டிருக்கேன். ஸ்டியரிங்கை விடமாட்டேன், நீங்க பாருங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். திரையில் சிறுநீரகம் கீழிறங்கி நின்றது. ஊசிமுனை பளிச்சென்று தெரிந்தது. போதும் என்று தோன்றியது, ஊசியின் விசையை அழுத்தினாள். டக்.

மெல்லிய நூல்போல் வந்த திசுவை ஊசி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்லா வந்திருக்கு" என்றான். முந்தைய நாளுக்குப்பின் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

ஓட்டுநரைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது நர்ஸ் மூட்டையைக் கொண்டுவந்தார். அவன் மூட்டையையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"வேண்டாம் சிஸ்டர். அவங்க வசதியாப் படுக்கட்டும்" என்றான்.

அந்த வாரக் கூட்டத்தில் அவனே எழுந்து முடிவைச் சொன்னான். கணக்குப் போட்டது யாரென்றும் சொன்னான். "பலன் இல்லைன்னு தெரியறதும் பதில்தானே. இன்னிலேர்ந்து மணல் மூட்டைக்கு லீவு" என்றார் துறைத்தலைவி. அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி, "அப்பாடா, இனிமே தைக்க வேண்டாம்" என்றாளாம். அதுதான் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஓட்டுநருக்கு வந்திருந்தது மருந்துக்குக் கட்டுப்படும் நோய். சிகிச்சைக்குப்பின் பரிசோதனைக்கு வந்தபோது கால் வீக்கம் வடிந்திருந்தது. திரும்பவும் வண்டி எடுக்கிறாராம். அவர் போனதும் ஊசி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அடுத்து எதைப் பத்திப் பார்க்கலாம்?"

"இந்தத் தடவை முடிவை முன்னாடியே நீ முடிவு பண்ணாம இருந்தா சொல்றேன்" என்றாள் கணக்கு.