திட்டத்தில் இல்லாத பன்றி

வலது தோளில் அந்த வலி இன்னும் இருக்கிறது. போன தடவை என் மனைவி ரோஃபினாவுக்கு இடுப்புவலி கண்டபோது, கெட்டிக் கைலியில் அவளைத் தொட்டில்போல் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, மலைச்சரிவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். சுகாதார நிலையம் போய்ச் சேருமுன் குழந்தை செத்துவிட்டது.

இந்த வருஷம் எங்கள் மலைக்குச் சாலைப் பணம் வந்தது. ஊர்க்காரர்களே கூலிக்குக் கல் சுமந்து, சிமெண்ட் ஊற்றினோம். கனிசியுஸ் மாமா வீட்டு வாசலில் வேலை நின்றுபோனது. வாசலில் அவர் மனைவி லெனாவின் கல்லறை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கல்லறையை நகர்த்தாமல் வழியில்லை. வருஷம் முடிவதற்குள் சாலையைப் போடாவிட்டால் மீதிப் பணம் மாவட்டத்துக்கே திரும்பிவிடும். ரோஃபினாவுக்கு மறுபடியும் ஏழாம் மாசம்.

ஊர்த்தலைவர் சிப்ரி முத்திரை குத்திய தாளோடு போனார். நானும் கூடப் போனேன்.

“மாமா, கையெழுத்துப் போட்டா பணம் வரும். மீட்டருக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு.”

“என் பொண்டாட்டிய மீட்டர் போட்டு அளக்க வந்துட்டியாடா?” என்றார் மாமா. தாளைத் தொடக்கூட இல்லை.

கூடுதல் பணம் கறக்கப் பார்க்கிறார், கிழவனுக்குப் பேராசை என்றது ஊர். நானும் அதையேதான் சொன்னேன். வீட்டில் வந்து சொன்னபோது ரோஃபினா அடுப்பை விட்டுத் திரும்பினாள்.

“லெனா அத்தைகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?”

“செத்தவகிட்டயா?”

“சேவலும் கள்ளும் இல்லாம என்னையப் பொண்ணு கேட்டு வந்திருந்தா எங்கப்பா நாயை அவுத்து விட்டிருப்பாரு. சாலைன்னதும் எல்லாத்துக்கும் தாளா?”

எங்கள் ஊரில் எதைக் கேட்பதானாலும் கையில் சேவலும் கள்ளும் இருக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். சிப்ரிக்கும் தெரியும். அரசாங்க வேலை என்றதும் இருவருக்கும் புத்தி தாளுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். சிப்ரி கள் கொண்டுவந்தார். கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து, “அத்தே, ரோஃபினா மாசமா இருக்கா. வண்டி வரணும். கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கங்க” என்றேன்.

மாமா கள்ளை வாங்கித் தரையில் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குடித்தார்.

“இத்தன நாளும் இதுக்குத்தான்டா உக்காந்திருந்தேன். ஆனா அவள எழுப்பணும்னா பன்றி வெட்டணும்.”

சிப்ரி தலையைச் சொறிந்தார். “திட்டத்துல பன்றி இல்லியே மாமா. கல்லு, சிமெண்டு, கூலி, அவ்வளவுதான். பன்றிக்கு எவன் ரசீது குடுப்பான்?”

“அப்ப சாலையும் இல்ல.”

“நான் தரேன்” என்றேன்.

“உங்கிட்ட ஏதுடா பன்றி? கோழியே இரவல்.”

“பொறவு தரேன்.”

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சரி. என்னோடத இப்ப வெட்டிக்கலாம். நாலு பேர் தூக்குற பன்றி அது. அதே அளவு வரணும். நாய்க்குட்டி மாதிரி ஒண்ண இழுத்துட்டு வந்த, உன்னையே வெட்டிருவேன்.”

மாமாவின் பன்றியை வெட்டினோம். கல்லறை வீட்டின் பக்கவாட்டுக்குப் போனது. சாலை மேலே ஏறியது. சிமெண்டில் மணல் அதிகம்; ஓரங்கள் இப்போதே உதிர்கின்றன. ஆனால் வண்டி ஓடுகிறது.

நல்ல மழையில் ரோஃபினாவுக்கு வலி கண்டது. சரக்கு வண்டி எங்கள் வாசல்வரை வந்தது. பின்னால் பாய் விரித்து அவளைப் படுக்கவைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தூக்குவதற்கு எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“சும்மா இருங்களேன், ஏன் முழிக்கிறீங்க?” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி கையில் பெண் குழந்தை வீறிட்டு அழுதது. சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. கனிசியுஸ் மாமாவுக்கு நான் தரவேண்டிய பன்றியை இன்னும் தரவில்லை.