விடுபட்ட ஓர் அரவு

சுபோதினி வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய மகளின் வயிற்றுக் கதை சந்தி சிரிக்கத் தொடங்கிவிட்டது.

வேலை கொட்டாஞ்சேனையில், ஒஸ்வால்டின் அச்சகத்தில். கல்யாணக் கார்ட், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு, தேவாலயத் திருவிழா நோட்டீஸ் என்று தமிழில் அடிக்க வருவதையெல்லாம் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆறு வருஷம் வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்தவளுக்கு இது சும்மா வந்த வேலையில்லை. சோதனைத் தாளில் இருபத்திரண்டு பிழை வைத்திருப்பதாக ஒஸ்வால்ட் நினைத்துக்கொண்டிருக்க, அவள் இருபத்தைந்தைப் பிடித்துச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்தாள். மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டார். முதல் மூன்று மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம்.

மூத்தவன் கபிநயன் ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கீழ்வீட்டு ஹமீமாவிடம் போய்விடுவான். இளையவள் யதுஷாவுக்கு இரண்டே முக்கால். அவளைத்தான் வெள்ளவத்தையில், வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு டேகெயாரில் விட்டிருந்தார்கள். அங்கே ஒரே ஒரு கறாரான விதி: பம்பர்ஸ் கட்டும் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்த விதிக்காக சுபோதினி இரண்டு மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் பிள்ளை டொய்லெட்டுக்குப் போகப் பழகிவிட்டாள். சுபோதினிக்குப் பட்டம் வாங்கியது போலப் பெருமை.

முதல் கிழமை புதன்கிழமையே போன் வந்தது. டேகெயாரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான டில்ஷானி மிஸ். பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ், இடையில் உப்புப் போட்ட அளவுக்குத் தமிழ்.

“மிஸிஸ் உமாசுதன், மகள் கக்கா கக்கா சொல்றது. நான் டொய்லெட் கூட்டிட்டுப் போறது. ஒண்டும் இல்ல! திரும்ப வந்தா, திரும்ப கக்கா. சாப்பாடும் சாப்பிடல்ல. ஒரே அழுகை.”

கக்கா என்பது சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரே சொல். அந்த ஒரு விஷயத்தில் இந்த நாட்டில் மொழிப் பிரச்சினையே கிடையாது. ஆகவே சுபோதினியும் எந்தத் தாயும் நினைப்பதையே நினைத்தாள். பிள்ளைக்கு வயிறு இறுகிவிட்டது.

அன்றிலிருந்து வீட்டில் பப்பாசிப்பழத் திருவிழா. ஹமீமா கொடிமுந்திரி ஊறவைத்த தண்ணீர் கொடுத்தனுப்பினாள். டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவர் சொன்னது சரிதான். வீட்டில் யதுஷா நேரம் தவறாமல் போனாள். பின்னேரம் பல்கனியில் வைத்துத் தீத்தினால் ஒரு கோப்பைச் சோறும் மளமளவென்று இறங்கியது. டேகெயாருக்குப் போனால் மட்டும் மத்தியானம் கக்கா, அழுகை, கொடுத்தபடியே திரும்பி வரும் சாப்பாட்டுப் பெட்டி. பிள்ளை மெலிந்துவிட்டாள். கன்னம் வற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு தரம் வேலையைப் பாதியில் விட்டு ஓடினாள். மூன்றாவது கிழமை வெள்ளிக்கிழமை டில்ஷானி மிஸ் வாசலில் வைத்தே சொல்லிவிட்டாள்.

“கோவிக்க வேணாம். திங்கட்கிழமையும் இப்பிடித்தான் எண்டா, மூணு மாசம் வீட்டில வச்சுப் பழக்கிட்டு கூட்டிட்டு வாங்க. மற்றப் பிள்ளைகளையும் நான் பார்க்கணும்தானே?”

மூன்று மாதம். அச்சகத்து நாற்காலி அதுவரை அவளுக்காகக் காற்று வாங்கிக்கொண்டிருக்காது.

சனிக்கிழமை காலை அவள் புருஷன் உமாசுதன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். நல்ல மனுசன்தான். கொலன்னாவையில் ஒரு களஞ்சியத்தில் கிளார்க். யோசிக்காமல் ஆறுதல் சொல்வது அவனுடைய பழக்கம்.

“சரியப்பா, சரிவராட்டி வேலையை விடுமன். பிள்ளை வளரட்டும். பிறகு பாப்பம்.”

“ஏன், நீங்கள் விடுங்கோவன்!” என்றாள் சுபோதினி. கையில் இருந்த தேங்காய்ப் பாதி மேசையில் டொக்கென்று விழுந்தது. “ஆறு வருஷமாப் ‘பிறகு பாப்பம்’. இந்தப் பிறகு எண்டது எந்த மாசத்தில வருகுது? கலண்டரில காட்டுங்கோ பாப்பம்.”

உமாசுதன் கலண்டரைப் பார்க்கவில்லை. திருவலகையை எடுத்து மிச்சத் தேங்காயைத் திருவத் தொடங்கினான். கபிநயன், “அப்பாவுக்குப் பேச்சு விழுந்திட்டுது,” என்று தங்கச்சிக்குச் செய்தி வாசித்தான்.

திங்கட்கிழமை பத்தரைக்கு அவள் ஒஸ்வால்டின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். மத்தியானம் டேகெயாருக்குப் போய் என்னதான் நடக்கிறதென்று தன் கண்ணால் பார்க்காவிட்டால் இதற்கு விடிவில்லை என்று முடிவுசெய்திருந்தாள்.

“சேர், ரெண்டு மணித்தியாலம் வேணும்.”

ஒஸ்வால்ட் பெருமூச்சு விட்டார். “பாருங்க சுபோதினி, நீங்க நல்லா வேலை செய்றீங்க. எனக்கும் நாலு பிள்ளைங்க. போய்ட்டு வாங்க. ஆனா ஒவ்வொரு கிழமையும் இப்படியெண்டா, நான் வேற ஆள் பார்க்கத்தான் வேணும். சொல்லாம வச்சிருந்து சொல்றதைவிட இப்பவே சொல்றேன்.”

பஸ்ஸில் கோட்டை தாண்டும்வரை அவள் ஒஸ்வால்டைத் திட்டினாள். கொள்ளுப்பிட்டியில் டில்ஷானி மிஸ்ஸை. பம்பலப்பிட்டி வந்தபோது திட்டுவதற்குத் தன்னைத் தவிர ஆள் இல்லை. நல்ல தாய் என்றால் வீட்டில் இருந்திருப்பாள் என்று யாரும் சொல்லாத ஒன்றை அவளே தனக்குச் சொல்லி, வெள்ளவத்தை இறங்கும்போது கண் கலங்கியிருந்தது.

டேகெயாரின் உள்கதவு அரைவாசி திறந்திருந்தது. சுபோதினி செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். பன்னிரண்டு பிள்ளைகள் குட்டி நாற்காலிகளில் இருந்தார்கள். ஏசிக்காக ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. யதுஷா தன் பெட்டியைத் தானே திறந்தாள். சோறு, பருப்பு, முட்டைப்பொரியல். ஒரு சின்னப் பிடி சோறு எடுத்தாள். வாயில் வைக்கவில்லை. கையைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, தெளிவாகச் சொன்னாள்:

“காக்கா.”

டில்ஷானி மிஸ் ஓடி வந்தாள். “அனே, கக்கா த? என்ன துவ, என்ன, என்ன!”

வா மகளே, வா என்று சிங்களத்தில் கூப்பிடுகிறாள். பிள்ளைக்கோ அது தமிழில் கேட்டது. என்ன, என்ன என்று ஒருவர் மூன்று தரம் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா?

“காக்கா! காக்கா!” என்றாள் யதுஷா, இன்னும் பலமாக.

மிஸ் அவளை அள்ளித் தூக்கினாள். பொத்திய கையிலிருந்த சோறு நிலத்தில் சிந்தியது. பிள்ளை வீறிட்டாள்.

சுபோதினிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சனி விரதத்துக்குக் காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். வாய் திறக்க மறுத்த பிள்ளையை ஒரு சனிக்கிழமை அந்தச் சாக்கில் பல்கனிக்குத் தூக்கிப்போய், “முதல் காக்காவுக்கு, பிறகு பிள்ளைக்கு,” என்று தீத்தத் தொடங்கியவள் அவள்தான். அது வேலை செய்தது. அன்றிலிருந்து யதுஷாவுக்கு எல்லா நாளும் சனிக்கிழமை. காக்கா சாப்பிடாமல் அவள் சாப்பிடமாட்டாள். மூன்று கிழமையாகப் பசியோடு ஒரு காகத்தைக் கேட்டிருக்கிறாள். அவர்களோ கொண்டுபோய் டொய்லெட்டில் இருத்தியிருக்கிறார்கள்.

ஒரேயொரு அரவு. ‘க’வுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அந்த ஒற்றைக் கால். கல்யாணக் கார்டில் ‘மாமா’ ‘மமா’ ஆகிவிட்டால் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுகிறவள், பெற்ற பிள்ளையின் சொல்லில் அது விழுந்துபோனதைக் கோட்டைவிட்டிருக்கிறாள். போனில் மிஸ் சொன்னதைத்தான் கேட்டாள். பிள்ளையிடம் ஒரு தரமாவது கேட்டாளா?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். “மிஸ்! கக்கா நெமெய்! கபுட்டா! கபுட்டா!”

கக்கா இல்லை, காகம் என்று சொல்ல, காகத்துக்குச் சிங்களத்தில் கபுட்டா என்பது நல்லவேளை ஞாபகம் வந்தது. அதுவும் போதாது என்று இரண்டு கையையும் சிறகாக்கி அடித்து, “கா, கா” என்று கத்தியும் காட்டினாள். பன்னிரண்டு பிள்ளைகளும் சாப்பாட்டை மறந்து வாயைப் பிளந்தார்கள். டில்ஷானி மிஸ் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், நிலத்தில் சிந்திய சோற்றைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது அவள் கண்ணில் நீர் நின்றது.

“அனே, பசியில இருந்த பிள்ளைய நான் டொய்லெட்டில வச்சிருக்கேன். பாவம். நான் கேட்கல்லதானே, நான் ஒழுங்காக் கேட்கல்ல.”

“நானும்தான் கேக்கேல்லை, மிஸ்,” என்றாள் சுபோதினி. சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி இறங்கியது.

ஏசியை நிறுத்தினார்கள். இறுகிப்போயிருந்த ஜன்னலை இரண்டு பேருமாகத் தள்ளித் திறந்தார்கள். வெள்ளவத்தையில் காகத்துக்கு என்ன பஞ்சம்? யதுஷா விளிம்பில் சோற்றை வைத்துக் கூப்பிடவும், எதிர்க் கம்பியிலிருந்து ஒன்று வந்து இறங்கியது, தலையைச் சரித்துப் பார்த்தது, கொத்திக்கொண்டு போனது. உடனே மற்றப் பிள்ளைகளுக்கும் கபுட்டா வேண்டியிருந்தது. பாண் துண்டு, நூடில்ஸ், ஒரு முழு சொசேஜ் எல்லாம் ஜன்னலுக்குப் போயின. மிஸ் தலையில் கை வைத்தாள்.

“நாளைக்கும் கூட்டிட்டு வாங்க,” என்றாள், அந்த இரைச்சலுக்கு மேலால். “எல்லா நாளும் கூட்டிட்டு வாங்க. ஜன்னல் நான் திறக்கிறேன்.”

யதுஷா நாற்காலியில் ஏறி இருந்து சாப்பிடத் தொடங்கியிருந்தாள். இரண்டு கையாலும், அவசர அவசரமாக. சுபோதினி பக்கத்தில் குந்தி, மூக்கில் ஒட்டியிருந்த பருப்பைத் துடைத்தாள். இன்றைக்காவது தன் கையால் தீத்த வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஒரு பிடி குழைத்து நீட்டினாள்.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாய் நிறையச் சோற்றோடு, பருப்புக் கையால் அம்மாவின் தோளைத் தள்ளினாள்.

“நான் சாப்பிடுறன். அம்மா வேலைக்குப் போங்கோ.”

சுபோதினிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பின்னாலேயே, ஆறு வருஷமாக வராத ஒரு சந்தோஷமும் வந்தது. நீட்டிய பிடியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, தோளில் மஞ்சளாய் ஒட்டிய ஐந்து விரலோடு பஸ்ஸுக்கு ஓடினாள்.