பிரிக்காத தாயத்து

அம்மாவின் கழுத்துத் தாயத்தைக் கழற்றியது தம்பிதான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவன் வேலை. நெஞ்சைப் படம் எடுக்கும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அதுவரை சரி. எடுத்து முடிந்ததும் திருப்பிக் கட்டாமல் என் கையில் திணித்து, தூக்கிப் போடச் சொன்னான். நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

டயர் கடையிலிருந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்த அண்ணன் வார்டு வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டான். அல்லாஹ் ஒருவன் என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. அந்த ஒருமைக்கு என்ன பொருள் என்பதில்தான். தாயத்து கட்டினாலே அல்லாஹ்வுக்கு வேறொன்றை இணைவைத்தது போலத்தான் என்று தம்பி மார்க்கப் பாடம் கேட்கும் ஆலிம் சொல்லியிருந்தார். இருப்பதெல்லாம் அவன் வெளிச்சம், அவன் வார்த்தையைக் கழுத்தில் போட்டால் அது எப்படி வேறொன்றாகும் என்பது அண்ணன் குருவாக நினைக்கும் ஹஸ்ரத்தின் கட்சி. இருவரும் மார்க்க நூல்களைக் கிதாபு கிதாபாக ஒப்பித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தனும் பிரித்துப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை, என்னை எதில் சேர்ப்பது.

ஆக்சிஜன் மாஸ்க்கோடு அம்மாவால் பேச முடியவில்லை. மூன்று நாளும் கழுத்தைத் தடவித் தடவி என்னைப் பார்த்தாள். தம்பிக்குப் பயந்து, தொலைந்துபோய்விட்டது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். நான்காம் நாள் போய்விட்டாள்.

பிள்ளைகள் இருவரும் ஒரே தொழுகையில் சேர்ந்து நின்று தனக்காகத் தொழ வேண்டும் என்பதுதான் அவள் எப்போதும் கேட்டது. அடக்கத்துக்கு முன் ஜனாஸா தொழுகையை அண்ணன் முன்னின்று நடத்தினான். இணைவைப்பவன் பின்னால் நிற்க மாட்டேன் என்று தம்பி ஒதுங்கி நின்று, பிறகு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தனியாகத் தொழுதான்.

அன்று மாலை தாயத்தைப் பிரித்தேன். குர்ஆனின் குல்ஹுவல்லாஹு சூரா. அவன் ஒருவன் என்று சொல்லும் அதே சூரா. கோணல்மாணலான அரபு எழுத்து, அடி மடிப்பில் தமிழில் ‘அம்மாவுக்கு’. ஏழு வயதில் மதரஸா விடுதியிலிருந்து தம்பி அனுப்பிய முதல் காகிதம். அன்று அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியதே நான்தான். அதைத்தான் அம்மா கழுத்தில் போட்டிருந்தாள். இதைப் பார்த்தாவது இரண்டும் சேர்ந்து அழும் என்று நினைத்து, அவர்கள் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

அண்ணன்தான் முதலில் எடுத்தான். “பாத்தியா? குர்ஆன் ஆயத்துதான் இருக்கு. இதையா இணைன்னு சொன்ன?”

தம்பி அரைப் பார்வை பார்த்தான். “ஆயத்தா இருந்தாலும் கட்டக் கூடாது. ஆதாரம் காட்டட்டுமா?”

கிதாபு எடுக்க அவன் உள்ளே போனான். அண்ணன் ஹஸ்ரத்துக்குப் போன் போட்டான். அடி மடிப்பை அவர்கள் பிரிக்காமலே காகிதம் பாயில் கிடந்தது. கையெழுத்து யாருடையது என்று இருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.